சிங்கத்தைத் தொடாத வேலை: ஹ்லுஹ்லுவே அனுபவம்

ஆப்பிரிக்காவில் சிங்கங்களோடு தன்னார்வலராக வேலை செய்யலாம் என்று இணையத்தில் தேடினால், முதலில் கண்ணில் படுவது குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் படங்கள்தான். 'தாயில்லாக் குட்டிகள், வளர்த்துக் காட்டில் விடுகிறோம்' என்று கீழே எழுதியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அப்படிப்பட்ட ஒரு பண்ணைக்கு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினேன். தாய் எங்கே? இதுவரை வளர்த்தவற்றை எந்தக் காட்டில் விட்டீர்கள்? பெரிதான சிங்கங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன? கட்டண விவரமும் இன்னும் நாலு படங்களும் வந்தன. கேட்டதற்குப் பதில் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இதற்குப் பின்னால் ஒரு பெரிய வியாபாரமே இருக்கிறது. காட்டில் ஒரு பெண் சிங்கம் குட்டிகளை ஏறக்குறைய இரண்டு வருடம் தன்னோடு வைத்திருக்கும். பண்ணையில் பிறந்த கொஞ்ச நாளிலேயே குட்டியைப் பிரித்துவிடுவார்கள், தாய் சீக்கிரமே மறுபடி சினைக்கு வரட்டும் என்று. குட்டி வளர்ந்து, இனி யாரும் தொட முடியாது என்ற நிலை வந்ததும், வேலி போட்ட இடத்தில் காசு கட்டிச் சுட வருகிறவர்களுக்கு விற்கப்படும். எலும்பு ஆசியாவுக்குப் போகும். 2017-இல் 800 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அரசே அனுமதித்தது. இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2021-இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா கிரீசி அறிவித்தார். ஆனால் கூண்டுச் சிங்கங்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மனிதக் கையில் வளர்ந்த சிங்கத்துக்கு மனிதனிடம் பயம் இருக்காது. அதைக் காட்டில் விட முடியாது. தெரிந்தே இதற்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் 'சிங்கத்தைத் தொட அனுமதி இல்லை' என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்த ஒரு கண்காணிப்புக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். இடம், குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி காடு. இங்கும் கட்டணம் உண்டு. வண்டி டீசல், ரேடியோ காலர் (சிங்கத்தின் கழுத்தில் மாட்டும், சிக்னல் அனுப்பும் பட்டை), தங்குமிடம் எல்லாம் அதில்தான் நடக்கிறது. விண்ணப்பத்தில் உடல்நலம், ஏன் வருகிறீர்கள் என்ற கேள்விகள். அப்புறம் ஓர் உறுதிமொழிப் படிவம்: காண்டாமிருகம் எங்கே பார்த்தோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது, போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். கொம்புத் திருடர்கள் அந்தப் படங்களைத் தேடுகிறார்கள் என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

விசாவில் பெரிய சிக்கல் இல்லை. அழைப்புக் கடிதத்தில் 'சம்பளமில்லாத தன்னார்வப் பணி' என்று தெளிவாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கு விவரம், விமானப் பதிவு எல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கென்யாவும் எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கின்றன. போகும்போதும் இந்தியா திரும்பும்போதும் சான்றிதழ் கேட்கக்கூடும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும்.

இனி வேலை. விடியுமுன் எழுந்து, திறந்த பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, குன்று குன்றாக ஏறுவோம். உச்சியில் ஆன்டெனாவைத் தலைக்கு மேல் தூக்கி மெதுவாகச் சுற்ற வேண்டும். காலர் போட்ட சிங்கம் அந்தப் பக்கம் இருந்தால் ரிசீவரில் 'டொக், டொக்' என்று கேட்கும். சத்தம் எந்தத் திசையில் கூர்மையாக இருக்கிறதோ அதைத் திசைகாட்டியில் குறித்து, வேறு இரண்டு இடங்களிலும் அதையே செய்து, வரைபடத்தில் கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்தின் பக்கத்தில் சிங்கம். மலை முகட்டில் மோதித் திரும்பும் சத்தம் ஏமாற்றும். ஆன்டெனாவைக் கழற்றிய பிறகும் சத்தம் கேட்கிறதென்றால் வண்டிக்கு மிக அருகில் படுத்திருக்கிறது என்று பொருள்.

கண்டுபிடித்த பிறகு வேலை காத்திருப்பதுதான், ஏனென்றால் சிங்கம் நாளின் பெரும்பகுதி தூங்கும். எத்தனை உருப்படி, யார் நொண்டுகிறது, யார் வயிறு ஒட்டியிருக்கிறது, எந்தப் பெண் சிங்கத்துக்குப் பால் சுரக்கிறது என்று எழுதுவோம். மீசை முடி வரிசைக்கு மேலே இருக்கும் சில கரும்புள்ளிகள் ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறு மாதிரி. படத்தைப் பெரிதாக்கி அதன் அடையாள அட்டையோடு ஒப்பிட்டு யார் என்று உறுதி செய்வோம்.

இவ்வளவு கணக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். 1958-இல் இந்தக் காட்டுக்கு ஒரே ஓர் ஆண் சிங்கம் தானாக வந்து சேர்ந்தது. பிறகு சில பெண் சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பல பத்தாண்டுகள் அந்தச் சின்னக் குடும்பத்துக்குள்ளேயே பெருகியதால் நோயும் பலவீனமும் வந்தன. 1999 முதல் வேறு காடுகளிலிருந்து புது ரத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. வேலிக்குள் இருக்கும் காட்டில், எதை இடம் மாற்றுவது, எதற்குக் கருத்தடை செய்வது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுக்கு ஆதாரம் இந்த நோட்டுப் புத்தகங்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு, சிங்கம் கண்ணில் படாத காலைகள்கூட எனக்கு வீணாகத் தோன்றவில்லை.

ஓர் இரவு காலர் மாற்றினார்கள். பழைய காலரின் பேட்டரி தீரும் தறுவாயில் இருந்தது. மரத்தில் இறைச்சியைக் கட்டி, எருமைக் கன்று கதறும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, இருட்டில் அசையாமல் காத்திருந்தோம். சிங்கக் கூட்டம் வந்தது. மருத்துவர் வண்டியிலிருந்தே மயக்க ஊசியைச் சுட்டார். பெண் சிங்கம் சாய்ந்ததும் மற்றவற்றை வண்டியால் ஒதுக்கிவிட்டு, கண்ணில் களிம்பு போட்டுத் துணியால் மூடினார்கள். எனக்குக் கொடுத்த வேலை, விலா ஏறி இறங்குவதைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதுவது. டார்ச் வெளிச்சத்தில் காதின் உள்மடிப்பில் வரிசையாக உண்ணிகள் தெரிந்தன. முன்காலில் ஆறிப்போன ஒரு நீளத் தழும்பு. ரத்தமும் காய்ந்த புல்லும் கலந்த வாடை. புதுக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே கை நுழைகிறதா என்று மருத்துவர் இரண்டு முறை பார்த்தார். யாரும் செல்ஃபி எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புல் காய்ந்து குட்டையாக இருக்கும், விலங்குகள் நன்றாகத் தெரியும், கொசுவும் குறைவு. ஆனால் திறந்த வண்டியில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் துளைக்கும். கம்பளித் தொப்பியும் கையுறையும் கட்டாயம். எந்த இடத்துக்கு விண்ணப்பித்தாலும் அந்த மூன்று கேள்விகளை முதலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.