தண்ணிக்கு அடியில் யார் நிலம்?

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில், ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, மேலே ஒரு குளம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்டோரின் டர்பைனைச் சுற்ற வைக்க ஓடையை மறித்துக் கட்டியது. லைன் கரண்ட் வந்த பிறகு டர்பைன் துருப்பிடித்துப் பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. குளம் மட்டும் மிஞ்சியது. இன்றைக்கும் அதற்குப் பெயர் டர்பைன் குளம்தான்.

அந்தக் குளத்தில் மீன் வளர்க்க எங்கள் ஏழு பேருக்கு முறையான அனுமதி கிடைக்க இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆனது. பொகவந்தலாவையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் "எப்படிச் செஞ்சீங்க, யாருக்குக் கடிதம் போட்டீங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று அரசாங்க வர்த்தமானி வந்தது. மே மாதம் இரசாயன உரத்தை இறக்குமதி செய்யக் கூடாது என்றார்கள். உரம் இல்லாத மலையில் கொழுந்து எங்கிருந்து வரும்? எங்கள் டிவிஷனில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை, சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் பத்திரமாக இருந்தது. நான் கொரோனாவில் கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு வந்து, அம்மா பறித்துக் கொண்டுவரும் காசில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெட்கத்தில்தான் குளம் கண்ணில் பட்டது.

முதல் தப்பு என்னுடையது. யாரையும் கேட்காமல் ஜூலை மாதம் கீழ்நாட்டிலிருந்து திலாப்பியாக் குஞ்சு வாங்கி, ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பையில் பஸ்ஸில் கொண்டுவந்து விட்டோம். எங்கள் குளம் 4,000 அடிக்கு மேலே. காலையில் கை வைத்தால் விரல் விறைக்கும். திலாப்பியா சூட்டு ஊர் மீன், தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போனால் சரியாகத் தின்னாது, வளராது. மூன்று மாதம் கழித்தும் விட்ட அளவிலேயே இருந்தது. மீன்தான் வளரவில்லை, செய்தி வளர்ந்து தோட்ட மேலாளரான தொரையின் பங்களா வரைக்கும் போய்விட்டது. ஒக்டோபரில் பெரிய கிளாக்கர் ஒரு கடிதத்தை நீட்டினார். தோட்டச் சொத்தில் அத்துமீறல் என்று எழுதியிருந்தது.

அம்மா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்டா தம்பி, தண்ணி கூடவா அவங்க சொத்து?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இரண்டு வருடத்துக்கு மேல் அலைந்தோம்.

எங்கள் தோட்டங்களின் நிலம் அவற்றை நடத்தும் கம்பனிக்குச் சொந்தமில்லை, அரசாங்கத்துக்குச் சொந்தம். 1992இல் தனியாரிடம் கொடுத்தபோது பெரும்பாலான தோட்டங்களை 53 வருடக் குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள், அதாவது 2045 வரைக்கும். அந்த நிலத்தில் ஓடும் தண்ணீர், தேங்கும் தண்ணீர், அதற்கு அடியில் இருக்கும் சேறு எல்லாம் யார் கணக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள்.

மீன் பக்கத்துச் சட்டம் உண்மையில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீர்வாழ் உயிரினவளங்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் நீருயிர் வளர்ப்பு நடத்த முடியாது. 1998இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து, நீருயிர் வளர்ப்பைப் பார்ப்பதற்கென்றே ஓர் அதிகார சபை அமைத்தார்கள். நாங்கள் எல்லாரும் நெக்டா என்று சொல்வது அதைத்தான். அங்கிருந்து வந்த விரிவாக்க உத்தியோகத்தர் திலாப்பியா கதையைக் கேட்டு முதலில் நன்றாக ஏசினார். ஓடையோடு தொடர்புள்ள குளத்தில் கண்ட மீனையும் விட்டால் அது கீழே எங்கெல்லாம் போகும் தெரியுமா என்றார். ஏசி முடித்த பிறகு சொன்னார்: "உங்க குளிருக்கு கார்ப் போடுங்க தம்பி, நுவரெலியா நிலையத்துல குஞ்சு கிடைக்கும். ஆனா அனுமதிப்பத்திரத்துக்கு மேல எழுதிப் போடுறதுக்கு, அந்தத் தண்ணியில உங்களுக்கு என்ன உரிமைன்னு ஒரு கடதாசி வேணும்."

அந்த ஒரு கடதாசிதான் முழுக் கதையும்.

தோட்டத்தில் கேட்டோம். நிலம் தேயிலைக்காகத் தரப்பட்டது, உப குத்தகை கொடுப்பதென்றால் கொழும்பில் கேட்க வேண்டும் என்றார்கள். கொழும்புக்கு எழுதினோம். ரெஜிஸ்டர் தபால் துண்டு இருக்கிறது, பதில் இல்லை. ஓர் அரச அலுவலகத்துக்குப் போனோம், அது கம்பனிக்குக் கொடுத்த நிலம், நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் போனால் பைலையே காணோம். எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டோ கொப்பி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே, உங்கள் அரிசி டின்னுக்குள் வையுங்கள். இது கிண்டல் இல்லை, எங்கள் பைலைக் காப்பாற்றியது அரிசி டின்தான்.

முகவரியும் ஒரு தொல்லை. விண்ணப்பத்தில் "காணி உறுதி இலக்கம்" என்று ஒரு கட்டம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவனுக்கு ஏது உறுதி? லய இலக்கத்தையும் காம்பரா (அறை) இலக்கத்தையும் எழுதி, கிராம சேவகரான ஜீ.எஸ். ஐயாவிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கி இணைத்தோம். கூடவே ஏழு பேரும் சேர்ந்து ஒரு சங்கமாகப் பதிந்துகொண்டோம். தனி ஆளாகப் போனால் வாசலிலேயே நிற்க வேண்டும், சங்க முத்திரையோடு போனால் கதிரை போடுவார்கள்.

2022இல் ஒன்றும் நடக்கவில்லை. பெட்ரோல் இல்லாமல் உத்தியோகத்தர் மலைக்கு எப்படி வருவார்? நாங்களும் கேஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

2023 மார்ச்சில்தான் அளவை நடந்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அங்கேதான் அவிழ்ந்தது.

தோட்டத்துப் பழைய வரைபடத்தில் குளத்தின் பரப்பு 1 ஏக்கர் 1 ரூட் 18 பேர்ச்சஸ். மழை முடிந்து குளம் நிரம்பி நிற்கும்போது எடுத்த அளவு. மார்ச் மாதம் தண்ணீர் இறங்கி, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு அடிக்குச் சேறு வெடித்துக் கிடக்கும். கணக்கப்பிள்ளை சங்கிலியின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையோடு முழங்கால் சேற்றில் நின்றேன். "எதுவரைக்கும் குளம்?" என்று கேட்டார். தண்ணீர் ஓரம் வரைக்குமா, சேறு வரைக்குமா, மழைக்காலத்தில் புல் மூழ்கும் கோடு வரைக்குமா? பழைய மண்கட்டில் தண்ணீர் நிற்கும் மட்டம் கறுப்புக் கோடாகப் படிந்திருந்தது. அந்தக் கோட்டை வைத்து அளந்தோம். காசு கட்டுவது நிறைந்த குளத்துக்கு, மீன் வாழ்வது வற்றிய குளத்தில். பேசும்போது இதைக் கவனியுங்கள். எங்களுக்கு முழு அளவுக்குத்தான் கணக்குப் போட்டார்கள், ஆனால் வறட்சி மாதங்களில் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது என்ற நிபந்தனையைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டோம்.

சங்கிலி மேல்முனைக்குப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. குளத்தின் ஒரு பகுதி வரைபடத்தில் ஓடை ஒதுக்கீடு என்று குறித்த இடத்துக்குள் விழுந்தது. கம்பனிக் குத்தகையும் அங்கே போகாது, எங்கள் குத்தகையும் போகாது. மீனுக்கு அந்தக் கோடு தெரியாது. கணக்கப்பிள்ளை வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார்: "அந்தப் பக்கம் போற மீனை எல்லாம் கவர்மெண்டுக்குக் குடுத்துருங்க."

அன்று மாலை ஜீ.எஸ். ஐயா சொன்ன யோசனைதான் வழி காட்டியது. "தம்பி, குத்தகைங்கிற சொல்லை எடுத்துருங்க. குத்தகைன்னா மண்ணு கேக்கிறீங்கன்னு அர்த்தம். மண்ணைக் கேட்டா இந்த மலையில ஒருத்தனும் கையெழுத்து வைக்க மாட்டான். தண்ணியைப் பாவிக்க மட்டும் சம்மதம் கேளுங்க."

அப்படியே எழுதினோம். குளத்தின் தரையிலோ கரையிலோ எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, நிரந்தரக் கட்டடம் போட மாட்டோம், லயத்துக்குப் போகும் குழாயைத் தொட மாட்டோம், மதகு திருத்த வேண்டியிருந்தால் 14 நாள் முன்னறிவித்தலோடு தண்ணீரை இறக்கலாம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்து வைக்கும்போது எங்கள் சங்கத் தலைவர் பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர், மண்ணில் உரிமை இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது. ஆனால் கடதாசி கிடைத்தது. ஒதுக்கீட்டுப் பகுதிக்குத் தனியாக ஒரு சம்மதக் கடிதம், பிறகு 2024 பெப்ரவரியில் நெக்டா அனுமதிப்பத்திரம். சுற்றாடல் மதிப்பீடு வேண்டுமா என்று பயந்திருந்தோம், நீருயிர் வளர்ப்பில் அது 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட திட்டங்களுக்குத்தான். எங்களுடையது ஒரு ஹெக்டேயரில் பாதிக்குச் சற்று மேல்.

பெரிய நீர்த்தேக்கத்தில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காசல்ரீயும் மவுசாகலையும் மின்சாரத் துறையின் கையில், கொத்மலை மகாவலி அதிகார சபையின் கையில். முதலில் அந்த வாசலுக்குப் போங்கள், தோட்டத்தைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மவுசாகலை கட்டியபோது பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் பழைய கோயில் வெளியே வரும், நம் ஆட்கள் சேற்றில் நடந்து போய் விளக்கேற்றிக் கும்பிட்டு வருவார்கள். அங்கே யாரும் வரைபடம் கேட்பதில்லை.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் இடத்தைக் குத்தகைக்கு விடுவது நமக்குத்தான் புதுசு. நம் பாட்டன்மார் இறங்கி மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த மன்னார்க் கரைக்கு எதிரே கடலுக்கடியில் இருந்த முத்துச் சிப்பிப் பார்களை 1906இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு கம்பனிக்கு 20 வருடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது, வருடத்துக்கு 3,10,000 ரூபாய். அடுத்த வருட முத்துக்குளிப்புக்குப் பிறகு சிப்பி பிடிக்கவில்லை. காலம் முடியுமுன்னே கம்பனியை மூடிவிட்டார்கள். எங்கள் உடன்படிக்கையில் வருட வாடகையைப் பிடிவாதமாகக் குறைத்துக் கேட்டதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

இனி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத நிபந்தனை ஒன்று. மழைக்காலத்தில் தேயிலையில் கொப்புள நோய் வந்தால் செம்பு மருந்து அடிப்பார்கள். செம்பு மீனுக்கு விஷம். மருந்து அடித்த டாங்கியை எங்கள் குளத்துக்கு வரும் கானில், அதாவது வாய்க்காலில், கழுவுவதுதான் வழக்கம், அதுதான் கிட்ட இருக்கும் தண்ணீர். வெளிக்கள உத்தியோகத்தரோடு உட்கார்ந்து பேசி, கழுவும் இடத்தை ஸ்டோருக்குக் கீழே மாற்றினோம். மாற்றிய பிறகும் ஒரு நாள் யாரோ மேலே கழுவிவிட்டார்கள். விடியற்காலையில் போனால் மதகு ஓரத்தில் வெள்ளை வயிறுகள். எண்ணினேன், நாற்பத்தொன்று. விட்ட கார்ப் குஞ்சு 1,200 என்றாலும் அன்றைக்கு அந்த நாற்பத்தொன்றுதான் கணக்கு. யார் என்று நாங்கள் தேடவில்லை. அடுத்த நாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அம்மா பேசினார், அதற்குப் பிறகு நடக்கவில்லை. நீர்நாய் இரண்டு தடவை வலையைக் கிழித்தது, அதனிடம் பேச அம்மாவாலும் முடியவில்லை.

2025 பெப்ரவரியில் முதல் புதுப்பித்தல். அரிசி டின்னிலிருந்து பைலை எடுத்துக்கொண்டு போனேன். பழைய தொரை மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் இளம் ஆள், கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"எந்தக் குளம்?"

"ஸ்டோருக்கு மேல இருக்கிறது சேர். டர்பைன் குளம்."

"அங்க டர்பைன் இருக்கா?"

கூட்டிக்கொண்டு போனேன். மண்கட்டின் மேல் நின்று பார்த்தார், பச்சைத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. சட்டைப் பையில் இருந்த தவிட்டை ஒரு பிடி எறிந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் குமுறியது, தடித்த வாய்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து திறந்து மூடின. தொரை ஒரு அடி பின்னால் நகர்ந்து, பிறகு குனிந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க," என்றார்.

கையெழுத்துக்குப் புதன்கிழமை வரச் சொன்னார்.