7யூ டி4 டோசரை மறுபடி ஓட வைத்தது: இதுவரை

தம்பலகாமப் பக்கம் வயல் திருத்தவும் குளக்கட்டுக்கு மண் தள்ளவும் ஓடிய கட்டர்பிலர் டி4 இது. தொடர் இலக்கம் 7யூ என்று தொடங்குகிறது. 1947க்கும் 1959க்கும் இடையில் வந்த, இரு பக்கச் செயின்களும் நடுவுக்கு நடு 60 அங்குல அகலத்தில் உள்ள வகை. 6யூ என்றால் 44 அங்குலம். இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றே என்பதால் எஞ்சின் சாமான் தேடும்போது பெரிதாகத் தொல்லை இல்லை, அடிப்பகுதிச் சாமான் என்றால் இலக்கத்தைச் சொல்லாமல் விலை பேசக்கூடாது. எஞ்சின் நாலு சிலிண்டர், 4½ அங்குலத் துளை, 5½ அங்குல ஓட்டம், சுமார் 5.7 லீற்றர்.

பல மாரி மழையில் நின்ற மெஷின். புகைக்குழாய்க்கு மூடி இல்லை. ஒரு பால்மா ரின்னைக் கவிழ்த்து வைத்திருந்தாலே பாதி வேலை மிஞ்சியிருக்கும்.

முதலில் ஒயில் தொட்டியின் அடிப்பிளக்கைக் கழற்றாமல், மெதுவாகத் தளர்த்திப் பார்த்தோம். தண்ணீர் ஒயிலுக்குக் கீழே நிற்கும் என்பதால் அதுதான் முதலில் வடியும். சுத்த ஒயில் வரும்வரை விட்டு, பிறகு முழுவதையும் இறக்கிப் புது ஒயிலும் பில்டரும் போட்டோம். டீசல் தொட்டியிலும் இதே முறைதான்.

அடுத்தது பெரிய டீசல் எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் குட்டி எஞ்சின், போனி. படுக்கையாக எதிரெதிரே இரண்டு சிலிண்டர், பெற்றோலில் ஓடும். அதன் பிளக் இரண்டையும் கழற்றி, ஏ.டி.எஃப் (ஓட்டோ கியர்) ஒயிலும் தின்னரும் சமபாகம் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். பிளைவீல் அசைந்தும் கம்பிரஷன் இல்லையென்றால் வால்வு துருப்பிடித்துத் தூக்கியபடி நிற்கிறது என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றி, பித்தளைத் துண்டு வைத்து மெல்லத் தட்டி இறக்கி, கலவை விட்டு, மறுபடி தூக்கித் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியலால் நேரே அடித்தால் வால்வு வளையும். போனியின் ஒயில் பெரிய எஞ்சினோடு சேர்ந்ததல்ல, தனித் தொட்டி. அளவுகோலில் ஒயில் கூடியிருந்தால் யாரோ ஊற்றியதாக நினைக்க வேண்டாம். பெற்றோல் பைப்பைத் திறந்து விட்டிருப்பார்கள், காபரேற்றர் ஊசி கசிந்து பெற்றோல் உள்ளே இறங்கியிருக்கும். மணந்து பார்த்தாலே தெரியும். அந்த ஒயிலோடு ஓட்டினால் பெயரிங் போகும்.

போனி ஓடினதும் பெரிய எஞ்சினைச் சுற்றத்தான் எல்லாருக்கும் கை துடிக்கும். அதற்கு முன் ரேக்கை, அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல் வைத்த கம்பியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி டீசல் பம்ப். நாலின் பற்களும் ஒரே ரேக் கம்பியில் பிடிக்கின்றன. பழைய டீசல் பிசினாகி ஒரு பம்ப் இறுகினாலும் கம்பி முழுவதும் நின்றுவிடும். டீசல் கூடிய நிலையில் நின்றிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் வேகம் கட்டுமீறிப் போகும், லிவர் எதுவும் கேட்காது. இந்த மெஷினில் இறுகியிருந்தது மூன்றாவது பம்ப். கழற்றி டீசலில் ஊறவைத்துத் துடைத்ததும் விரலால் தள்ள நகர்ந்தது. திருப்பிப் பூட்டும்போது பல்லின் குறி ரேக்கின் குறிக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் டீசல் கூடும் அல்லது குறையும். இவ்வளவும் செய்தும், முதல் ஸ்டார்ட்டுக்குக் காற்றுக் குழாய் வாயை அடைக்கத் தடித்த பலகை ஒன்றோடு ஓர் ஆள் பக்கத்தில் நின்றார். கையால் பொத்த நினைக்கவே கூடாது.

ஸ்டார்ட் செய்யும் ஒழுங்கு இது. டீசல் லிவர் மூடியபடி. கம்பிரஷன் லிவர் ஸ்டார்ட் பக்கம், அப்போது வால்வு திறந்து நிற்பதால் எஞ்சின் லேசாகச் சுற்றும். போனி கிளட்சை விட்டு, பினியன் என்ற சின்னப் பற்சக்கரத்தைப் பெரிய எஞ்சினின் பிளைவீலில் கொழுவ வேண்டும். பிறகு போனிக்குக் கயிறு சுற்றி இழுப்பது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம், உதைத்தால் விரல் போகும். மீன்பிடி நைலோன் கயிறு வழுக்கும், பருத்திக் கயிறு நல்லது. போனி சூடானதும் கிளட்சைப் போட்டு, ஒயில் அழுத்த முள் எழும்பும் வரை பெரிய எஞ்சினைச் சும்மா சுற்றவிட வேண்டும். போனியின் புகை பெரிய எஞ்சினின் காற்றுக்குழாயைச் சூடாக்குகிறது, தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றே. திருகோணமலை வெயிலில் சில நிமிடம் போதும். அதன்பின் கம்பிரஷன் லிவரை ரன் பக்கம் தள்ளி, டீசலைத் திறக்கலாம். எஞ்சின் பிடித்ததும் பினியன் தானாகக் கழரும். போனியை நிறுத்துவது பெற்றோல் பைப்பை மூடித்தான், காபரேற்றர் காயட்டும்.

போனியைத் தூக்கி எறிந்துவிட்டு பற்றரி ஸ்டார்ட்டர் பூட்டச் சொல்கிறவர்கள் உண்டு. கடற்காற்றில் பற்றரி முனை பூக்கும் ஊரில் அது எனக்கு லாபமாகத் தெரியவில்லை. முதலில் ஒயில் ஏற்றிவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யும் வசதியும் போய்விடும்.

மெஷினைத் திருப்ப ஒவ்வொரு பக்கச் செயினையும் விடுவிக்கும் ஸ்டியரிங் கிளட்ச் இரண்டும் தட்டோடு தட்டு ஒட்டிக் கிடந்தன. லிவரைப் பின்னால் இழுத்துக் கட்டி, முதல் கியரில் மெதுவாக ஓட்டி, அந்தப் பக்கப் பிரேக்கை அமத்தி அமத்தி விட்டதில் வலது பக்கம் விடுபட்டது. இடது பக்கம் பாதிதான். ஒயில் கசிந்து வழுக்கும் கிளட்ச் என்றால் மண்ணெண்ணெய் ஊற்றி, லிவரை வேலை செய்யவிட்டு, வடிக்க வேண்டும். டீசலால் கழுவினால் பசை மிஞ்சும். சுமை தள்ளும்போது மெஷின் இடது பக்கம் திரும்பினால் வழுக்குவது இடது கிளட்ச்.

செயின் ரோலருக்குக் கிறீஸ் அடிப்பது இங்கே பரவலாக நடக்கிற பிழை. அந்தக் காலத்து ரோலர்கள் தடித்த ஒயிலுக்குச் செய்தவை. கிறீஸ் வாயிலேயே நின்றுவிடும், உள்ளே புஷ் காய்ந்து தேயும். செயின் தொய்வு முன் சக்கரத்துக்கும் மேல் ரோலருக்கும் நடுவில் 1 முதல் 1½ அங்குலம். நிலாவெளிப் பக்கம் மணலில் ஓட்டினால் மணல் பல்லில் அடைந்து செயின் இறுகும், ஆகவே ஓடின இடத்து மணலோடு வைத்துத்தான் அளக்க வேண்டும்.

புதிதாக ஏறுகிறவருக்கு ஒன்று. குளக்கட்டிலிருந்து இறங்கும்போது மெஷின் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போகும். அப்போது பிரேக் அமத்தாமல் இடது லிவரை இழுத்தால் இடது செயின் விடுபட்டு வேகமாக ஓடும், மெஷின் வலது பக்கம் திரும்பும். சமதரையில் பழகிய கை இங்கேதான் ஏமாறும். கியரும் நின்றபிறகுதான் மாற்றலாம், இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போனால் திரும்பக் கொழுவாது.

இப்போது எஞ்சின் புகை தெளிந்து ஓடுகிறது, பிளேட் ஏறி இறங்குகிறது. மிச்சம் இடது கிளட்சும் அதே பக்கப் பைனல் டிரைவ் (செயினைச் சுற்றும் கடைசிப் பற்சக்கரப் பெட்டி) சீலும். சீலைத் தொட எப்படியும் செயினைப் பிரிக்க வேண்டும். செயினை இணைக்கும் மாஸ்டர் பின்னைத் தட்டிக் கழற்றியதும் பின், புஷ் தேய்மானத்தையும் பார்த்துவிடலாம். புஷ் ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தால் திருப்பிப் போட்டு இன்னொரு தவணை ஓட்டலாம்.