என்ன கலர் போடலாம் என்று கேட்பதற்கு முன்னால்

குடும்பப் போட்டோ எடுக்க நாள் குறித்த உடனே போட்டோகிராபரான எனக்கு வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்ன கலர்ல டிரஸ் போடலாம்?" கேட்க வேண்டிய கேள்விதான், அதற்கும் வருகிறேன். ஆனால் நான் பதிலுக்குக் கேட்பது, வீட்டில் இருக்கிற குட்டி மதியம் எத்தனை மணிக்குத் தூங்கும், எத்தனை மணிக்கு எழும் என்பதைத்தான். போனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. துணிக்கு ஒரு வாரம் யோசித்திருப்பார்கள், நேரத்தைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். வெளியே போய் எடுக்கும் படத்தில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

ஸ்டுடியோ என்றால் விளக்கை நாம் நகர்த்திக்கொள்ளலாம். தோட்டத்திலோ கடற்கரையிலோ சூரியன் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப நாம்தான் நகர வேண்டும். சூரியன் உதித்த பிறகும், மறைவதற்கு முன்னாலும் வரும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தைத்தான் கோல்டன் ஹவர் என்கிறார்கள். அப்போது ஒளி காற்று மண்டலத்தில் அதிக தூரம் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. அது தாழ்வாகப் பக்கத்திலிருந்து வருவதால் கண்குழி வரைக்கும் வெளிச்சம் போகும். உச்சி வெயிலில் இதற்கு நேர்மாறு. தலைக்கு மேலிருந்து விழுகிற வெளிச்சம் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் போட்டுவிடும், போதாததற்கு எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையோ சந்தேகப்படுகிற மாதிரி நிற்பார்கள். ஒரு மணி நேரம் என்பதும் ஒரு கணக்குக்குத்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்களில் சூரியன் செங்குத்தாக இறங்கிவிடுவதால் இது சீக்கிரம் முடிந்துவிடும், தள்ளிப் போகப் போக நீளும். எதிரே மலையோ உயரமான கட்டிடமோ இருந்தால் போனில் காட்டுகிற அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வெயில் போய்விடும். அதனால் அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் எல்லாரும் தயாராக அங்கே நிற்கிற மாதிரி திட்டம் போடச் சொல்வேன்.

சரி, அந்த நேரத்தில் குழந்தை தூக்கக் கலக்கத்தில் இருந்தால்? குழந்தையின் நேரத்துக்குத்தான் போக வேண்டும், கோல்டன் ஹவரை விட்டுவிட வேண்டும். காலை பத்து மணி வெயிலில்கூட ஒரு கட்டிடத்தின் நிழல் பக்கம் வானத்தைப் பார்த்து நிற்க வைத்தால் முகத்தில் மெத்தென்ற வெளிச்சம் கிடைக்கும். மேகம் மூடிய நாளும் நல்ல நாள்தான். "வெயிலே இல்லையே, தள்ளிப் போட்டுடலாமா" என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன், மேகம் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பிக் கொடுத்துவிடும். மழை வந்தால் மட்டும் வேறு நாள், அந்த மாற்று நாளையும் முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட குழந்தையைச் சிரிக்க வைக்க எந்த வெளிச்சத்தாலும் முடியாது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் பின்னணியைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது தாத்தா பாட்டி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், நடுவில் உட்கார ஏதாவது இருக்கிறதா, பக்கத்தில் கழிவறை இருக்கிறதா என்பதை. முட்டி வலியோடு மேடேறி வந்தவரின் முகத்தில் அந்த வலி அப்படியே தெரியும், எடிட்டிங்கில் எடுக்க முடியாது. முடிந்தால் படம் எடுக்கப் போகிற அதே நேரத்தில் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள். காலையில் வெறிச்சோடிக் கிடக்கிற பூங்கா சாயங்காலம் கூட்டமாக இருக்கலாம். பூங்கா, பழைய கோட்டை, தனியார் தோட்டம் மாதிரியான இடங்களில் போனில் எடுத்தால் ஒன்றும் சொல்லாதவர்கள் பெரிய கேமராவைப் பார்த்ததும் அனுமதி கேட்பதுண்டு. யார் அனுமதி வாங்குவது, நீங்களா போட்டோகிராபரா என்பதை அன்றைக்கு வாசலில் நின்று பேச வேண்டாம்.

மரத்தடி நல்ல இடம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முழு நிழல் என்றால் நல்ல இடம்தான். இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிற மரத்தடி என்றால் அதைவிட மோசமான இடம் கிடையாது: ஒருவர் மூக்கில் ஒரு வெள்ளைப் பொட்டு, இன்னொருவர் நெற்றியில் இரண்டு. அப்புறம் புல்வெளி. பளிச்சென்று வெயில் படும் புல்லில் உட்கார்ந்தால் கீழேயிருந்து பச்சை எதிரொளித்துத் தாடைக்கு அடியில் ஒரு பச்சைச் சாயல் வந்துவிடும்.

இதே காரணத்துக்காகத்தான் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு, கிளிப்பச்சை மாதிரி உடைகள் வேண்டாம் என்கிறேன். அந்த நிறம் போட்டிருப்பவர் கழுத்திலும் தெரியும், பக்கத்தில் நிற்பவர் கன்னத்திலும் தெரியும். மிக நெருக்கமான கோடு, பொடிக்கட்டம் போட்ட சட்டைகளையும் தவிர்க்கலாம். கேமராவின் சென்சாரில் இருக்கிற புள்ளி வரிசையும் துணியின் கோடும் மோதிக்கொண்டு, துணியில் இல்லாத ஒரு அலை படத்தில் நெளியும். எல்லாரும் ஒரே நிறம் போடுவது எனக்குப் பிடிக்காது, ஆனால் அது என் ருசி. இரண்டு மூன்று நிறங்களை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கலந்து போட்டால் போதும். புது உடை என்றால் முன்கூட்டியே ஒருமுறை போட்டு, உட்கார்ந்து, குனிந்து, குழந்தையைத் தூக்கிப் பாருங்கள். நிற்கும்போது அழகாக இருப்பது உட்கார்ந்தால் வயிற்றில் மடிந்து நிற்கலாம். குழந்தையின் சாக்ஸ் இறுக்கமாக இருந்தால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே கழற்றிவிடுங்கள், எலாஸ்டிக் தடம் மறைய நேரம் பிடிக்கும்.

மூக்குக் கண்ணாடிக்கு ஒரு வார்த்தை. வெயிலில் கறுக்கும் லென்ஸ் போட்டவர்கள் வீட்டில் சாதாரணக் கண்ணாடி இருந்தால் அதையே போட்டுக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் படத்தில் அப்பா மட்டும் கூலிங் கிளாஸ் போட்டு வந்த மாதிரி இருப்பார். சன்ஸ்கிரீன் தடவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிற வகைகள் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகத்தை வெளிறிப்போகச் செய்யும், அதனால் நன்றாகத் தேய்த்துவிட்டு போட்டோகிராபரிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி வருவதுதான் முக்கியம்: பட்டியல். யார் யார் சேர்ந்து எந்தெந்தப் படம் வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொன்னால் பலர் "வந்து பாத்துக்கலாம்" என்பார்கள். வந்த பிறகு என்ன நடக்கும் தெரியுமா, பாட்டி பேரன்களோடு ஒன்று, அண்ணன் தம்பி மட்டும் ஒன்று, மருமகள்கள் மட்டும் ஒன்று என்று ஆளாளுக்கு ஒன்றாக நினைவுக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவரைத் தேடிக்கொண்டு ஓடி, வெளிச்சம் போயே போய்விடும். பட்டியலில் எல்லாரும் சேர்ந்த பெரிய படத்தை முதலில் வையுங்கள். அடுத்து வயதானவர்கள் இருக்கிற படங்கள், அதை முடித்து அவர்களை உட்கார விட்டுவிடலாம். அப்புறம் சின்னக் குழந்தைகள். பெரிய பிள்ளைகளும் கணவன் மனைவி மட்டும் நிற்கும் படமும் கடைசியில், அப்போதுதான் வெளிச்சமும் அழகாக இருக்கும், அவர்களால் பொறுத்துக்கொள்ளவும் முடியும். எல்லார் பெயரும் தெரிந்த, குரல் கொஞ்சம் பெரிதான ஒருவரை ஆள் கூப்பிடுகிற வேலைக்குப் போடுங்கள். நான் "நீலச் சட்டை சார், கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கூப்பிடுவதைவிட, வீட்டு ஆள் "சித்தப்பா, வாங்க" என்று கூப்பிட்டால் வேகமாக நடக்கும்.

அந்தப் பட்டியலோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் சங்கடமான விஷயம். யாரோடு யார் பேசுவதில்லை, யார் பிரிந்து வாழ்கிறார்கள், சமீபத்தில் யார் தவறிப்போனார்கள், யாருக்குக் காது சரியாகக் கேட்காது, எந்தக் குழந்தையைத் தொட்டால் பிடிக்காது. வெளி ஆளுக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமல் நான் "நீங்க ரெண்டு பேரும் தோள்ல கை போட்டு நில்லுங்க" என்று சொல்லிவிட்டால், அடுத்து வருகிற படங்களில் அந்த இறுக்கம் எல்லார் முகத்திலும் இருக்கும். விவரம் வேண்டாம், "இவங்க ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வைக்காதீங்க" என்று ஒரு வரி போதும்.

குரூப் படத்தில் யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார் என்பது எல்லா வீட்டு ஆல்பத்திலும் இருக்கிற கதை. இதற்கு ஒரு கணக்கே போட்டிருக்கிறார்கள். சிரிக்க வைத்துவிட்டு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கப்படும் இக் நோபல் பரிசு, 2006இல் கணிதப் பிரிவில் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்கிற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவருக்கும் இதற்காகத்தான் கிடைத்தது. 20 பேருக்குக் குறைவான கூட்டம் என்றால் தலைகளை எண்ணி, நல்ல வெளிச்சத்தில் மூன்றாலும், மங்கல் வெளிச்சத்தில் இரண்டாலும் வகுத்தால் எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று வரும். 12 பேர் என்றால் 4 அல்லது 6. ஆனால் இது இமைப்பதற்கு மட்டுமான கணக்கு. ஓடுகிற நாயைத் திரும்பிப் பார்க்கிற பையனுக்குக் கணக்கு கிடையாது, அதனால் நான் அதைவிடப் பல மடங்கு எடுப்பேன். "இன்னுமா" என்று அலுத்துக்கொள்ளாமல் நிற்பதும் தயாரிப்பில் சேர்த்திதான்.

19ஆம் நூற்றாண்டில் ஒரு படத்துக்குப் பல விநாடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். குழந்தை இருக்குமா? அதனால் அம்மா மேலே துணியைப் போட்டு மூடி நாற்காலி மாதிரி உட்கார வைத்து, அவர் மடியில் குழந்தையை வைத்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்கள் நிறையவே கிடைக்கின்றன, பார்த்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். இன்றைக்கு விநாடியில் 250இல் ஒரு பங்கு நேரத்தில் படம் விழுந்துவிடுகிறது, ஆனாலும் அம்மாக்கள் படத்தில் இருப்பதில்லை. என் பின்னால் நின்றுகொண்டு "இங்க பாரு, சிரி, சிரி, நேரா நில்லு" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். குழந்தை என் கேமராவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்க்கும், அதுவும் பல்லைக் காட்டுகிற ஒரு செயற்கைச் சிரிப்போடு. தயவுசெய்து முடியைச் சரிசெய்வதையும் சிரிக்கச் சொல்வதையும் விட்டுவிட்டு உள்ளே வந்து நில்லுங்கள். குழந்தையோடு பேசுவது என் வேலை. முதல் நாளே வீட்டில் "நாளைக்கு ஒழுங்கா சிரிக்கணும்" என்று மிரட்டிவைக்கவும் வேண்டாம், வெளியே விளையாடப் போகிறோம் என்று சொன்னால் போதும்.

வீட்டுக்கு ஒருவராவது இதில் இஷ்டமே இல்லாமல் வருவார்கள், பெரும்பாலும் அப்பா, இல்லாவிட்டால் பதினைந்து வயசுப் பையன். அவர்களுக்கு நேரத்தைச் சொல்லிவிடுங்கள்: நாற்பது நிமிடம், அதற்கப்புறம் உங்களை யாரும் கூப்பிட மாட்டோம். முடிவு எப்போது என்று தெரிந்தால் மனிதர்கள் கொஞ்சம் தளர்ந்து நிற்கிறார்கள்.

பின்னணி எல்லாம் கரைந்து போன மாதிரி படம் வேண்டும் என்று போனில் காட்டுவார்கள். ஒருவர் இருவர் என்றால் தாராளமாக. இரண்டு மூன்று வரிசையாக நிற்கிற குடும்பத்தில் முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து தெளிவாக வர, லென்ஸின் துளையை எஃப் 5.6, எஃப் 8 என்கிற சின்ன அளவு வரைக்கும் சுருக்க வேண்டியிருக்கும், அப்போது பின்னால் இருப்பதும் ஓரளவு தெரியத்தான் செய்யும். சுவரையோ செடியையோ ஒட்டி நிற்காமல் பல அடி முன்னால் வந்து நின்றால் கொஞ்சம் மங்கலாகும்.

கிளம்பும்போது சீப்பு, டிஷ்யூ, தண்ணீர், ஊக்கு, கொசு விரட்டும் களிம்பு, குழந்தைக்கு ஒரு மாற்றுச் சட்டை. பாக்கெட்டிலிருந்து போனையும் சாவியையும் எடுத்து ஒரு பையில் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, படத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். போனில் வைத்துக்கொள்ள மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. சுவரில் மாட்ட என்றால் அளவு முக்கியம். என் கேமரா எடுக்கும் படம் 3க்கு 2 என்ற விகிதத்தில் இருக்கும், 12க்கு 8 அங்குலச் சட்டத்தில் அப்படியே பொருந்தும். நீங்கள் ஏற்கெனவே 10க்கு 8 சட்டம் வாங்கிவைத்திருந்தால் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டித்தான் ஆக வேண்டும், ஓரத்தில் நின்ற அத்தையின் தோள் அதில் போய்விடும். முன்பே தெரிந்தால் இரண்டு பக்கமும் இடம் விட்டு எடுத்துவிடுவேன். மாட்டப் போகிற சுவரை போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் இன்னும் வசதி, படுக்கைவசமாக எடுப்பதா நிற்கவைத்து எடுப்பதா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்துவிடலாம்.