வானத்திலிருந்து விழுந்த 648 கிராம்

போன அமாவாசைக்குச் சேலம் பக்கம் இருக்கும் கஞ்சமலை சித்தர் கோயிலுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் அத்தை வீட்டுக் காட்டுக்குள் சும்மா ஒரு நடை போனேன். அங்கே வரப்போரம் காலில் இடறியது அந்தக் கல். கைமுட்டி அளவு, கன்னங்கரேல் என்று. கையில் எடுத்ததும்தான் சந்தேகம் வந்தது, அந்த அளவுக் கல்லுக்கு அந்தக் கனம் கொஞ்சம் அதிகம். ஒரு பக்கம் பளபளவென்று வேறு இருந்தது. இடறின கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வருவதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அப்பா பார்த்த உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார், விண்கல். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்றால் கேட்கவில்லை. 2016-ல் வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஒருவர் இறந்தபோது, விண்கல் என்று அரசாங்கமே அறிவித்ததே, அதற்கப்புறம் நாசாக்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்கிறது என்று சொன்னார்களே, அதை நினைவுபடுத்தினேன். "அது வேற, இது வேறடா" என்றார். எப்படி வேறு என்று கேட்கக் கூடாது.

சாயங்காலம் மச்சான் வந்தான். கல்லைக்கூடப் பார்க்கவில்லை, நேராகப் போனை எடுத்தான். நிலாவிலிருந்து வந்த கல் என்றால் தங்கத்தைவிட விலை என்று எங்கேயோ படித்தானாம். என் மனைவி சமையலறைத் தராசில் வைத்தாள், 648 கிராம். அதன் பிறகு வீட்டில் யாரும் கல்லைப் பற்றிப் பேசவில்லை, அவரவர் கடனைப் பற்றித்தான் பேசினார்கள். மச்சானுக்கு வண்டித் தவணை, எனக்கு வீட்டு லோன், அம்மாவுக்கு அடகில் இருக்கும் ரெட்டை வடச் சங்கிலி. 648 கிராம் எல்லோருக்கும் போதுமானதாகத்தான் இருந்தது.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் காந்தம். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த திருப்பதி பெருமாளை எடுத்து ஒட்டினால், ஒரு பக்கம் லேசாக இழுக்கிறது, மறுபக்கம் நழுவி விழுகிறது. அப்பாவுக்கு அதுவே போதும். ஆனால் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவும் காந்தத்தில் ஒட்டும், அதனால் இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அடுத்து கோடு போட்டுப் பார்ப்பது. பாத்ரூம் டைல்ஸின் பின்பக்கம், அந்தப் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான பக்கம், அதில் கல்லைத் தேய்த்தால் மேக்னடைட் கறுப்பாகக் கோடு விடும், ஹேமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது செங்காவி நிறத்தில் விடும். விண்கல் பெரும்பாலும் கோடே விடாது. மிச்சமிருந்த ஒரு டைல்ஸை எடுத்து நானும் அழுத்தித் தேய்க்கிறேன், கோடு விழவே இல்லை. மச்சான் எழுந்து நின்றுவிட்டான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த இடத்தில் வாய் உலர்ந்துவிட்டது.

அப்புறம் அடர்த்தி. ஒரு போசித் தண்ணீரைத் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, அத்தனை கன சென்டிமீட்டர்தான் கல்லின் கன அளவு. 180 காட்டியது. 648-ஐ 180-ஆல் வகுத்தால் 3.6. இரும்பு விண்கல் என்றால் எட்டுக்குப் பக்கத்தில் வரும், சுத்தமான மேக்னடைட் என்றால் ஐந்துக்கு மேல். ஆனால் கல் வகை விண்கற்கள் பல மூன்றரையை ஒட்டித்தான் வரும்! அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியபோதுகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் கொண்டுபோனோம். அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் பிரேக் போடும்போதெல்லாம் பொத்திப் பிடித்தபடியே வந்தார். நண்பன் சாணையில் ஒரு மூலையைத் தேய்த்தான். விண்கல்லாக இருந்தால் உள்ளே பொடிப்பொடியாக உலோகம் மின்ன வேண்டும். இதில் பன்னை வெட்டின மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. காற்றுக் குமிழிகள். அதன் பிறகு நிதானமாகத் திருப்பிப் பார்த்தால், பளபளத்த அந்தப் பக்கம் வெல்லப்பாகு வழிந்து உறைந்த மாதிரி வரிவரியாக இருக்கிறது. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், யாருக்கும் பார்க்க மனம் வரவில்லை.

இரவு அத்தைக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கவில்லை, அத்தை சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அட, சிட்டக்கல்லு கண்ணு அது. எங்க மாமியா காலத்துல கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் குடுப்போம். இன்னும் ரெண்டு வேணுமா?"

இரும்பு உருக்கும்போது கழிகிற கசடு. ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்திச் சேலத்துத் தாதுவை உருக்கினாரே, அதற்கெல்லாம் வெகுகாலம் முன்னாலேயே இந்தப் பக்கத்து ஊர்களில் மண் உலையும் கரியும் துருத்தியும் வைத்து இரும்பு எடுத்திருக்கிறார்கள். ஈரோடு பக்கம் கொடுமணலில் தோண்டியபோதும் இதே கசடுதான் கிடைத்தது. ஆக, இரும்பை எவரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார், அவர் வேண்டாம் என்று கொட்டியதைத்தான் நாங்கள் மூன்று பேருக்குப் பங்கு போட்டிருக்கிறோம்.

மச்சான் அன்றைக்குப் போனவன் அடுத்த வாரம்தான் வந்தான். அம்மா மட்டும், சித்த வைத்தியத்தில் இரும்புச் சிட்டத்தைச் சுத்தி செய்து மண்டூரம் என்று சோகைக்குக் கொடுப்பார்களே, வைத்தியரிடம் கேட்டால் விலைக்கு எடுப்பாரா என்று இரண்டு தடவை கேட்டாள்.

நேற்று மின்கட்டண அட்டையைத் தேடிப் பீரோவைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில், அப்பாவின் பழைய துண்டில் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பொட்டலம். தூக்கிப் பார்க்கவே வேண்டியதில்லை. பெருமாள் காந்தமும் அதோடு சேர்ந்து உள்ளேதான் இருந்தது.