படத்தில் இருந்தது, கையில் இல்லை

அறுவை சிகிச்சை படிக்கப் போவதற்கு முன்னால் கொஞ்ச காலம் அனாடமி துறையில் ட்யூட்டராக இருந்தேன். இறந்தவர் உடலில் அக்குள் பகுதியைப் பிரித்துக் காட்டுவது என் வேலை. கழுத்துப் பக்கம் தண்டுவடத்திலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் (சி5 முதல் டி1 வரை என்று பெயர்) மூன்று தண்டுகளாகச் சேரும். அவை ஆறாகப் பிரிந்து, மறுபடி மூன்று வடங்களாகி, கடைசியில் கைக்கான ஐந்து பெரிய நரம்புகளாக முடியும். முதலாண்டு மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் வரைந்துவிடுவார்கள். அக்குள் தமனிக்கு முன்னால் மூன்று நரம்புகள் சேர்ந்து 'எம்' எழுத்துப் போலத் தெரியும். வெளிக்கால், முழங்கையை மடக்கும் தசைகளுக்குப் போகும் மஸ்குலோகியூட்டேனியஸ். உட்கால், மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் போகும் அல்னார். நடுவில் கூடும் இரண்டு கோடும், கட்டைவிரலை மடக்கும் மீடியன். 'எம்' கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று சொல்லிக்கொடுப்போம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லா உடலிலும் அந்த எழுத்து அவ்வளவு சுத்தமாக இருக்காது. சிலருக்கு மஸ்குலோகியூட்டேனியஸிலிருந்து மீடியனுக்கு ஒரு மெல்லிய கிளை குறுக்கே ஓடும். சிலருக்கு மீடியனுக்கு மூன்றாவதாக ஒரு வேர் இருக்கும். தேர்வு நெருங்கும் சமயத்தில், அப்படிக் குறுக்கே கிடந்த இழைகளைக் கொழுப்போடு சேர்த்து வழித்து எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் குழம்பக் கூடாதே என்றுதான். எடுத்தபின் உடல் புத்தகப் படம் மாதிரியே ஆகிவிடும்.

அந்த இழைகள் பல வருடம் கழித்து ஆபரேஷன் தியேட்டரில் ஞாபகத்துக்கு வந்தன.

பைக் விபத்தில் தோள் அடிபட்ட ஒரு இளைஞர். மேல் இரண்டு வேர்களும் போய்விட்டன. தோளைத் தூக்க முடியாது, முழங்கையை மடக்க முடியாது. விரல்கள் மட்டும் நன்றாக வேலை செய்தன. விபத்து நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நரம்பு வளர்வது நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். கழுத்தில் நரம்பு ஒட்டுப் போட்டு, அது முழங்கையை மடக்கும் மேற்கைத் தசையான பைசெப்ஸ் வரை ஊர்ந்து வரக் காத்திருந்தால் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடும். நரம்பில்லாத தசையோ ஒன்று, ஒன்றரை வருடத்துக்குமேல் தாங்காது. அதனால் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஓபெர்லின் 1994-இல் விவரித்த முறையைத்தான் முடிவு செய்தோம். நன்றாக இருக்கும் அல்னார் நரம்புக்குள்ளிருந்து ஒரு சிறு கற்றையை எடுத்து, பைசெப்ஸுக்குப் போகும் கிளையோடு தசைக்குப் பக்கத்திலேயே தைப்பது. வசதியான வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கடன் வாங்குவது போல. கொடுத்த வீட்டுக்குப் பெரிதாகக் குறை தெரியாது.

மேற்கையின் உட்புறம் திறந்தோம். பைசெப்ஸுக்கு அடியில் மஸ்குலோகியூட்டேனியஸ் இருக்க வேண்டும். தேடினேன். பருமனான ஒரு நரம்பு கிடைத்தது, அதிலிருந்து பைசெப்ஸுக்கு ஒரு கிளையும் போனது. சரி, இதுதான் என்று ரப்பர் வளையம் மாட்டிவிட்டேன். கூட இருந்த ஜூனியர், "சார், ஒருமுறை தூண்டிப் பார்த்துவிடலாமா?" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான். இந்த மாதிரி அறுவையில் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுவோம், நரம்பைத் தூண்டினால் எந்தத் தசை அசைகிறது என்று தெரிவதற்காகத்தான். லேசான மின்சாரம் கொடுக்கும் தூண்டியை வைத்தேன்.

கட்டைவிரல் மடங்கியது.

நான் வளையம் மாட்டியிருந்தது மீடியன் நரம்பு. மஸ்குலோகியூட்டேனியஸ் என்று தனியாக ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. கொரகோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு எதுவும் வரவில்லை. பைசெப்ஸ், அதன் அடியில் இருந்து முழங்கையை மடக்கும் பிரேக்கியாலிஸ் இரண்டுக்கும் போகும் கிளைகள் மீடியனின் வெளிப்பக்கத்திலிருந்தே புறப்பட்டன. இப்படி இருக்கலாம் என்று படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் கையில் கத்தியோடு நிற்கும்போது நான் தேடியது அந்த 'எம்' எழுத்தைத்தான்.

அதன்பின் வேலை மெதுவாக நடந்தது. பைசெப்ஸ் கிளையைத் தூண்டினோம், அசைவே இல்லை. அல்னார் நரம்பின் உறையை மைக்ராஸ்கோப்பின் கீழ் திறந்தால் கேபிளுக்குள் வயர்கள் போலக் கற்றைகள். ஒவ்வொன்றாகத் தூண்டி, விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் மடக்கும் கற்றையைத் தேர்ந்தெடுத்தோம். முடியைவிட மெல்லிய நைலான் நூலில் நாலு தையல். ஆபரேஷன் குறிப்பில் எழுத்தால் விளக்கிப் பார்த்து முடியாமல், தாளின் பின்பக்கம் படமாகவே வரைந்து வைத்தேன். நாளைக்கு வேறு யாராவது அந்தக் கையைத் திறந்தால் உதவும்.

பைசெப்ஸில் முதல் துடிப்பு ஐந்தாவது மாதம் வந்தது. மணிக்கட்டை மடக்க நினைத்தால்தான் முழங்கை அசையும். மூளைக்கு அது இன்னும் அல்னார் வீட்டு ஆள்தான். பிசியோதெரபிஸ்ட் அதை வைத்தே பழக்கினார்.

ஒருநாள் அந்த இளைஞரிடம் நரம்பு விஷயத்தைச் சொன்னேன். "இது நோயா டாக்டர்?" என்று கேட்டார்.

"இல்லை தம்பி, பிறவியிலேயே அப்படி. அடிபடாமல் இருந்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்காது, எங்களுக்கும் தெரிந்திருக்காது."

"அப்போ இந்தக் கையிலும் அப்படித்தானா?"

"அது தெரியாது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு இல்லை."

அவர் நல்ல கையைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.