இல்லாத குழாயைத் தேடிய பதினான்கு மாதங்கள்

2022 மார்ச் மாதம் கைக்கு வந்த என் முதல் விந்துப் பரிசோதனை அறிக்கையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அளவு 0.5 மி.லி., பி.எச். 6.5, உயிரணுக்கள் ‘நில்’ (அதாவது இல்லை), ஃபிரக்டோஸ் என்ற வரிக்கு நேரே ‘செய்யப்படவில்லை’. எனக்கு என்ன குறை என்பதற்கான விடையில் பெரும்பகுதி அந்த ஒரே தாளில் இருந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேருவதற்குள் பதினான்கு மாதங்களும், ஏறத்தாழ ஒன்றரை லட்ச ரூபாயும், தேவையே இல்லாத ஓர் அறுவையும் கழிந்துவிட்டன.

என் பக்கத்துத் தவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அறிக்கைக்கு முந்தைய எட்டு மாதங்கள் என் மனைவிதான் பரிசோதனைகளுக்கு அலைந்தாள். கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயை, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்து வந்தாள். ‘முதலில் அவளுக்குப் பார்க்கட்டும்’ என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். முந்நூறு ரூபாய்ப் பரிசோதனை ஒன்றுக்கு நான் காட்டிய தயக்கத்துக்கு அவள் கொடுத்த விலை அது.

குறை இதுதான்: எனக்குப் பிறவியிலேயே இரண்டு பக்கமும் விந்து நாளங்கள் உருவாகவில்லை. ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் மருத்துவர் வெட்டிக் கட்டுகிறாரே, அதே குழாய். விரையில் உயிரணு உற்பத்தி ஒழுங்காக நடக்கிறது, ஆனால் அது வெளியே வரப் பாதை இல்லை. இந்த நாளம் இல்லாதவர்களுக்கு விந்துப்பைகளும் பெரும்பாலும் வளர்ச்சி குன்றியோ இல்லாமலோ இருக்கும். விந்துத் திரவத்தின் பெரும்பங்கு அந்தப் பைகளிலிருந்துதான் வருகிறது, அதன் காரத்தன்மையும் ஃபிரக்டோஸ் சர்க்கரையும் அங்கிருந்து வருபவையே. அவை இல்லாதபோது புராஸ்டேட் சுரப்பியின் அமிலத்தன்மையுள்ள சிறிதளவு நீர் மட்டுமே வெளிவரும். அளவு குறைவு, பி.எச். குறைவு, ஃபிரக்டோஸ் இன்மை, உயிரணு இன்மை ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் பாதையில்தான் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும் என்பதை இன்று நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் அந்த 0.5 மி.லி.யைப் பார்த்த பணியாளர் கேட்டது ஒரே கேள்வி: “சார், கீழ சிந்திட்டீங்களா?” இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். மறுபடியும் அதே அளவு. அறிக்கையில் ‘மாதிரி முழுமையாகச் சேகரிக்கப்படாமல் இருக்கலாம்’ என்று ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வரிதான் அடுத்து வந்த எல்லாக் குழப்பத்துக்கும் வித்து. அதன் பிறகு அறிக்கையைப் பார்த்த எவரும் அளவைப் பொருட்படுத்தவில்லை. சிந்தாமல் கொடுத்திருந்தால் அதை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஃபிரக்டோஸ் பரிசோதனையையும் பணம் கட்டும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் செய்வதில்லை.

எங்கள் ஊர் மருத்துவர் ஹார்மோன் மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதினார். உயிரணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் அளவு இயல்பாக இருந்தும் மூன்று மாதம் விழுங்கினேன். குழாயே இல்லாதவனுக்கு உற்பத்தியைப் பெருக்கும் மாத்திரை கொடுப்பது, வாய்க்கால் இல்லாத கிணற்றில் இன்னும் ஆழமாகத் தோண்டுவதைப் போன்றது. பிறகு ஸ்கேன் எடுத்ததில் இடது பக்கம் சிறிய அளவில் வெரிகோசீல் (விரைப்பை ரத்த நாளங்களின் வீக்கம்) இருப்பதாக வந்தது. உடனே அறுவைக்குத் தேதி குறித்தார்கள். அது ஆடி மாதம். ஆடியில் கத்தி வைக்கக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக நின்றதால் தேதி தள்ளிப்போனது, பிறகு அந்த மருத்துவமனையே எங்களுக்குக் கைவிட்டுப்போனது. ஆடி மாதத்தால் எனக்கு நடந்த ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவதாகப் போனது பக்கத்து நகரத்தில் ஒரு கருத்தரிப்பு மையம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், குழந்தைப் படங்கள் என்று சகல வசதியும் உண்டு. அங்கும் மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசினார்களே தவிர, உடலைத் தொட்டுப் பரிசோதிக்கவில்லை. விரையில் உற்பத்தி இருக்கிறதா என்று அறிய பயாப்ஸி, அதாவது சிறு திசுத் துண்டு, எடுக்க வேண்டும் என்றார்கள். 2023 ஜனவரியில் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில் ‘உயிரணு உற்பத்தி எல்லா நிலைகளிலும் இயல்பு’ என்று இருந்தது. மகிழ்ந்துபோய், “அப்படியென்றால் கிடைத்த உயிரணுக்களை எடுத்து வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். மருத்துவர் அறிக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல், திசு முழுவதும் பார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு நோய்க்கூறியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டதாகச் சொன்னார். இத்தனை மாதமாகத் தேடிய பொருள் கிடைத்திருக்கிறது, ஆனால் மருந்தில் ஊறிச் செத்துவிட்டது. மீண்டும் ஊசி போட்டு எடுக்கத் தனிக் கட்டணம் என்றார்கள். யாராவது உங்களுக்கு விரை பயாப்ஸி என்று சொன்னால், எடுக்கும் அன்றே உயிரணு தென்பட்டால் உறைநிலையில் சேமிப்பார்களா, அதற்கான ஆளும் வசதியும் அந்த இடத்தில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் சம்மதிக்க வேண்டாம். எஃப்.எஸ்.எச். இயல்பாகவும் விரையின் அளவு இயல்பாகவும் இருந்து, நாளம் இல்லை என்பதும் கையில் தெரிந்துவிட்டால், இந்தச் சோதனை பயாப்ஸியே தேவையில்லை என்பது பின்னால் எனக்குத் தெரியவந்தது.

2023 மே மாதம் சென்னைக்கு இரவு ரயில் ஏறினோம். ஆண்ட்ராலஜி (ஆண் இனப்பெருக்க நலம்) மருத்துவர் கோப்பைப் புரட்டவில்லை. முதல் அறிக்கையை மட்டும் கேட்டு வாங்கி அளவையும் பி.எச்.சையும் பார்த்தார், திரைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே விரைப்பையின் மேல்பகுதியை உருட்டி உருட்டித் தேடினார். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது. பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, “இங்க சாட்டைக்கயிறு மாதிரி கெட்டியா ஒண்ணு தட்டுப்படணும் தம்பி, உங்களுக்கு ரெண்டு பக்கமும் இல்ல” என்றார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இது ஸ்கேனில் அடிக்கடி தவறிப்போகும் குறை, விரலில் பிடிபடும் குறை.

விந்து வெளியேறும் குழாயின் முனையில் அடைப்பு இருந்தாலும் விந்து அறிக்கை இதே மாதிரி வரும் என்பதால், அவர் ஆசனவாய் வழி ஸ்கேனைச் செய்யச் சொன்னார், முன்பு விட்டுப்போன ஃபிரக்டோஸ் பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டார். ரெசார்சினால் சேர்த்துச் சூடாக்கினால் ஃபிரக்டோஸ் உள்ள மாதிரி ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாற வேண்டும். ஆய்வகப் பெண் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒப்பீட்டுக்கு வைத்த குழாய் சிவந்திருந்தது, என்னுடையது தண்ணீராகவே இருந்தது. ஸ்கேனில் விந்துப்பைகளும் இல்லை. சிறுநீரகங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். கருவில் விந்து நாளத்துக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் மூலம் ஒன்றே என்பதால், நாளம் இல்லாத சிலருக்கு ஒரு சிறுநீரகமும் இல்லாமல் இருக்குமாம். எனக்கு இரண்டும் இருந்தன. இதையும் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே சிறுநீரகத்தோடு இருப்பது தெரியாமலேயே வாழ்கிறவர்கள் உண்டு.

அடுத்து மரபணுச் சோதனை. பிறவியிலேயே நாளம் இல்லாத ஆண்கள் பலருக்கு ஏழாவது குரோமோசோமில் உள்ள சி.எஃப்.டி.ஆர். மரபணுவில் மாற்றம் இருக்கும். நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய்க்குக் காரணமான மரபணுவும் அதுவே. எனவே ஒரே ஓர் உயிரணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் ஐ.சி.எஸ்.ஐ. சிகிச்சைக்கு முன் கணவன், மனைவி இருவருக்கும் பார்த்தாக வேண்டும். இதில் ஒரு பயணமும் ஒரு தொகையும் வீண். முதலில் ரத்தம் கொடுத்த ஆய்வகம், மேலைநாட்டில் அதிகம் காணப்படும் சில மாற்றங்களை மட்டும் பார்த்து இந்த மரபணுவின் என் இரண்டு பிரதிகளில் ஒன்றில் ‘எஃப்508 டெல்’ என்ற மாற்றம் இருப்பதாக எழுதி முடித்துவிட்டது. இந்தக் குறைக்கு மிக முக்கியமான 5டி என்ற வகை அவர்களுடைய பட்டியலிலேயே இல்லை. மரபணு ஆலோசகர் அதைச் சுட்டிக்காட்டிய பிறகு முழு மரபணுவையும் வரிசைப்படுத்தும் இன்னொரு இடத்தில் மறுபடி ரத்தம் கொடுத்தோம். ஒரு பிரதியில் எஃப்508 டெல், மற்றதில் 5டி. பணம் கட்டும் முன் ‘5டி பார்ப்பீர்களா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஐந்து வாரம் மிஞ்சியிருக்கும்.

மனைவியின் அறிக்கை வரும்வரை இருந்த மூன்று வாரங்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. அவளிடமும் நோய்க்குரிய மாற்றம் ஒன்று இருந்திருந்தால், எங்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. அறிக்கையில் அவளிடம் எதுவும் இல்லை. பிறக்கும் குழந்தை என்னுடைய இரண்டில் ஒன்றைச் சுமக்கும், அவ்வளவுதான்.

உயிரணு எடுப்பது, நான் பயந்த அளவுக்கு இல்லை. விரையை ஒட்டி மேலே உள்ள, உயிரணுக்கள் தங்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாய்க்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சுகிறார்கள், பெசா என்பார்கள். மனைவிக்குக் கருமுட்டை வளர்க்கும் ஊசிகள் ஆரம்பிக்கும் முன்பே எனக்கு எடுத்து உறைய வைத்துவிடுங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன். பயாப்ஸியில் பட்ட சூடு அது. என்னிடம் கிடைக்காமல் போனால் அவள் அத்தனை ஊசிகளையும் வீணாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாமே. பக்கத்து அறையின் சிறிய ஜன்னல் வழியே எம்ப்ரியாலஜிஸ்ட் (கருவியல் ஆய்வக நிபுணர்) தலையை நீட்டி, “அசையுது சார்” என்றார். என் வாழ்க்கையில் கேட்ட மிக அழகான இரண்டு சொற்கள் அவைதான். நான்கு குப்பிகள் சேமித்தார்கள். ஒவ்வொன்றிலும் எங்கள் இருவர் பெயரும் சரியாக இருக்கிறதா என்று நான் படித்துப் பார்த்த பிறகே உள்ளே போயின.

இவ்வளவையும் தாண்டி வந்த எங்களை ஓர் இனிஷியல் ஒரு மாதம் நிறுத்திவைத்தது. 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்ட செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகு மையங்கள் காகித விஷயத்தில் மிகக் கறாராக இருக்கின்றன. வயது வரம்பு பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55. அதில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. திருமணச் சான்றிதழில் மனைவியின் பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் எழுத்து இருந்தது, ஆதாரில் என்னுடைய எழுத்து. மாதவிடாயின் இரண்டாம் நாள் ஊசி தொடங்க வேண்டும் என்று அதிகாலையிலேயே போய்ச் சேர்ந்தோம். வரவேற்பில் இருந்தவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ரெண்டும் வேற வேற ஆள் மாதிரி இருக்கு மேடம்” என்றார். பிரமாணப் பத்திரம் எழுதித் தருகிறோம் என்றதற்கு, மேலே கேட்க வேண்டும் என்றார், மேலே இருந்தவர் விடுமுறையில் இருந்தார். அந்த மாதச் சுழற்சி போனது. ஊருக்கு வந்து ஆதாரைத் திருத்தி, அடுத்த மாதம் அதே மேசையில் அதே நபரிடம் தாள்களை நீட்டியபோது அவர் பார்க்கக்கூட இல்லை, முத்திரையைக் குத்தி உள்ளே அனுப்பிவிட்டார். முதல் ஆலோசனைக்குப் போகும் முன்பே எல்லா அடையாளச் சான்றுகளிலும் பெயரையும் இனிஷியலையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கருமுட்டை எடுத்தது, கருவாக்கியது, கரு வைத்தது எல்லாம் தடங்கலின்றி நடந்தன. மனைவிக்கு இப்போது ஏழாவது மாதம்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. இந்த மாற்றங்கள் என் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தவை என்பதால், உடன்பிறந்தவனுக்கும் இதே இரண்டு மாற்றங்களும் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். தம்பிக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்த நேரம். எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தவித்து, கடைசியில் மொட்டை மாடியில் உட்கார வைத்து என் கோப்பை முழுவதும் படிக்கக் கொடுத்தேன். அவன் படித்து முடித்து, “நீ ஏன்ணே இத்தனை நாள் தனியாச் சுமந்த?” என்று மட்டும் கேட்டான். மறுவாரம் அதே சென்னை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: “ரெண்டு பக்கமும் நல்லாத் தட்டுப்படுது, போய்க் கல்யாண வேலையைப் பாருங்க.” வெளியே வந்து ஐந்நூறு ரூபாய் ஆலோசனைக் கட்டணத்தை நான்தான் கட்டினேன்.