பிரியத்துக்கு ஃப்ரீடம் என்ன உறவு?

நேற்று ராத்திரி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் பென்சிலைக் கடித்தபடியே கேட்டாள்: “அம்மா, ஃப்ரீன்னா சும்மா குடுக்கறது. ஃப்ரீடம்ல வர ‘டம்’னா என்ன?”

அது ஒரு விகுதி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மொழிபெயர்த்துப் பிழைப்பவளுக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வரும்? சொற்பிறப்பு அகராதியை அலமாரியிலிருந்து இறக்கினேன். அவள் பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். நான் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன், அதுவும் ‘டம்’முக்குப் போகாமல் ‘ஃப்ரீ’யிலேயே மாட்டிக்கொண்டு.

ஏனென்றால் ‘ஃப்ரீ’க்கு ஆதியில் விடுதலை என்ற பொருளே இல்லை. அன்புக்குரிய, நெருக்கமான என்பதுதான் பொருள். சமஸ்கிருதத்துக்கும் பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளுக்கும் பொதுவான மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மொழியின் அதே வேர் சமஸ்கிருதத்தில் ‘ப்ரிய’ ஆகி, நம்மிடம் பிரியமாக வந்து சேர்ந்தது. ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் ‘ப’ ‘ஃப’வாகத் திரிந்தது: பிதா – ஃபாதர், பாதம் – ஃபுட். 1822இல் இந்தத் திரிபுகளை விதியாக வகுத்துக் காட்டியவர் யாக்கோப் கிரிம். ஆமாம், குழந்தைக் கதைகள் தொகுத்த அதே சகோதரர்களில் மூத்தவர்.

சரி, பிரியம் எப்படி விடுதலை ஆனது? அந்தக் காலத்து வீட்டில் இரண்டு வகை ஆட்கள்: சொந்த மனிதர்கள், அடிமைகள். ‘பிரியமானவர்’ என்றாலே அடிமை அல்லாதவர் என்றாகிவிட்டது என்கிறார்கள். லத்தீனிலும் இதே வாடை அடிக்கிறது: ‘லீபர்’ என்றால் சுதந்திரமானவன், ‘லீபெரி’ என்றால் வீட்டுப் பிள்ளைகள். ‘லிபர்ட்டி’ அந்த ‘லீபர்’ வழி வந்ததுதான். எனக்கு இங்கே கொஞ்சம் கசந்தது. இத்தனை அழகான சொல் பிறப்பதற்கு, அதே கூரையின் கீழ் பிரியத்துக்கு ஆகாத ஒருவன் இருந்திருக்க வேண்டும்.

‘ஃப்ரெண்ட்’டும் இதே குடும்பம்தான், நேசிக்கிறவன் என்று பொருள். ‘அஃப்ரெய்ட்’ கூட, பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த தூரத்துச் சொந்தம். அமைதி குலைந்தவன் என்பது அதன் அடிப்படை.

இனி ‘டம்’. பழைய ஆங்கிலத்தில் ‘தோம்’ தனிச்சொல்: தீர்ப்பு, சட்டம். ‘டூம்’ என்று இன்று பயமுறுத்துவதும் அதுவே. இங்கிலாந்தில் 1086இல் எடுத்த நிலக் கணக்குக்கு ‘டூம்ஸ்டே’ புத்தகம் என்று பேர் வந்தது, அதில் எழுதியதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதால். காலப்போக்கில் இந்தத் ‘தோம்’ அந்தஸ்து, நிலை என்று இளைத்து விகுதியானது. அதன் வேருக்குப் பொருள் ‘வை, நிறுவு’. அதே வேரில் பிறந்தது சமஸ்கிருதத்தின் ‘தாமன்’; இருப்பிடம் என்று பொருள். நம் பரந்தாமனின் வால் அதுதான்!

காலையில் சடை பின்னும்போது இதையெல்லாம் அவளிடம் கொட்டினேன். பிரியம், அடிமை, கிரிம் எதுவும் காதில் ஏறவில்லை. கடைசியில் மட்டும் சட்டென்று திரும்பினாள்; பாதிச் சடை என் கையிலிருந்து நழுவியது.

“எங்க க்ளாஸ்ல ஒரு பரந்தாமன் இருக்கான்மா. அவன் பேர்ல இங்கிலீஷ் இருக்குன்னு சொன்னா நம்பவே மாட்டான்.”